தானாகத் திறக்கும் தோல்

சின்னசேலம் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை பெற்ற வீட்டில் குளிப்பாட்டுவது தனிக்கலை. மணையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, பதமான வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றி, கை கால் நீவி, சாம்பிராணிப் புகை காட்டி முடிப்பதற்குள் குழந்தை தூங்கிவிடும். ஆண் குழந்தையாக இருந்தால் நடுவில் இன்னொன்றும் நடக்கும். குளிப்பாட்டுகிறவர் முன்தோலைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளுவார். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார். "தெனமும் தள்ளி விடணும்டி. இல்லன்னா ஒட்டிக்கும். பின்னாடி ஆஸ்பத்திரில வெட்டணும்பாங்க" என்று இளம் தாய்க்குப் பாடமும் சொல்லிக் கொடுப்பார்.

அந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு புதிர் இருக்கிறது. தள்ளி விடாததால்தான் தோல் ஒட்டிக்கொள்கிறது என்றால், பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பிள்ளைக்கு அது ஏன் ஒட்டியிருக்கிறது? பிறந்த ஆண் குழந்தைகள் நூறு பேரைப் பார்த்தால், முன்தோல் முழுக்கப் பின்னால் போவது நான்கு பேருக்குத்தான். மீதி 96 பேரும் நோயோடா பிறக்கிறார்கள்?

விடை தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆணுறுப்பின் நுனியில் பருத்திருக்கும் பகுதிக்கு மொட்டு என்று பெயர். கரு ஏறத்தாழ எட்டு வார வளர்ச்சியை எட்டும்போது மொட்டின் அடியில் தோல் ஒரு மடிப்பாக எழும்பி, முன்னோக்கி வளரத் தொடங்குகிறது. நான்காவது, ஐந்தாவது மாதத்தில் மொட்டு முழுவதையும் மூடிவிடுகிறது. அப்படி மூடும்போது தோலின் உட்புறத்துக்கும் மொட்டின் மேற்புறத்துக்கும் நடுவே இடைவெளி என்பதே கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே செல் படலம்தான். தனித்தனியாக இருந்த இரண்டு பரப்புகள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. அவை இன்னும் பிரியவே தொடங்காதவை.

கல்வராயன் மலையில் புளி உலுக்கிப் பழகியவர்களுக்கு இதை விளங்கச் சொல்வது எளிது. புளி காயாக இருக்கும்போது ஓட்டை உரிக்கப் பார்த்தால் சதையும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வரும். செங்காயாகும்போது ஓடு அங்கங்கே விடத் தொடங்கும். பழுத்துவிட்டால் ஓடு வேறு, பழம் வேறு. லேசாக அழுத்தினாலே உடைந்து கழன்றுவிடும். ஒரே கொத்தில்கூடக் காய்க்குக் காய் பழுக்கும் நாள் மாறும். முன்தோலும் அப்படித்தான் மொட்டை விட்டுக் கழல்கிறது. அதை முடித்துவைப்பது நாள், விரல் அல்ல.

கழல்வது எப்படி? அந்தப் பொதுப் படலத்தில் உள்ள செல்கள் அங்கங்கே முற்றி உதிர்கின்றன. உதிர்ந்தவை சிறு சிறு உருண்டைகளாகத் திரள்கின்றன. அந்தந்த இடத்தில் ஒரு வெளி உண்டாகிறது. வெளிகள் ஒன்றோடொன்று சேரச் சேர, தோல் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுகிறது. பிறப்பதற்கு முன்பே தொடங்கும் இந்த வேலை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். உதிர்ந்த செல்களும் தோலின் பிசுபிசுப்பும் சேர்ந்த வெள்ளைக் கசடை மருத்துவத்தில் ஸ்மெக்மா என்கிறார்கள். வெண்கசடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சில பிள்ளைகளுக்கு அது தோலுக்கு அடியில் குருணை அளவில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ தெரியும். சீழ் கட்டிவிட்டது என்று அலறியடித்துக்கொண்டு ஓடிவரும் தாய்மார் பலர். சீழாக இருந்தால் அந்த இடம் சிவந்து வீங்கும், தொட்டால் பிள்ளை துடிக்கும். வெண்கசடு வலிக்காது. அது தோல் பிரிந்துகொண்டிருப்பதற்கான அடையாளம். நேரம் வரும்போது தானே வெளியே வந்துவிடும். பிதுக்கி எடுக்கவே கூடாது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இதுவரை சொன்ன ஒட்டல். இன்னொன்று, முன்தோலின் நுனி வாய். பச்சைக் குழந்தைக்கு அந்த வாய் குறுகலாகவே இருக்கும். உடல் வளர வளர, குறிப்பாகப் பருவ வயது ஹார்மோன்கள் சுரக்கத் தொடங்கும்போது, அது தளர்ந்து விரியும். சிலருக்கு ஒட்டல் முதலில் விடும், வாய் பிறகு விரியும். சிலருக்கு நேர்மாறாக நடக்கும். எது தாமதமானாலும் தோல் பின்னால் போகாது. முன்தோல் பின்னால் போகாத நிலைக்கு பைமோசிஸ் என்று பெயர். தமிழில் முன்தோல் இறுக்கம் எனலாம். மருத்துவச் சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அறுவைச் சிகிச்சைதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிறு பிள்ளைக்கு அது பெரும்பாலும் வளர்ச்சியில் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடிகிறது? சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களும் குளிப்பாட்டுகிறவர் சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் கணிசமான ஆண் குழந்தைகளுக்கு "தோல் இறுக்கம்" என்ற ஒரே காரணத்துக்காக முன்தோலை வெட்டினார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த குழந்தை மருத்துவர் டக்ளஸ் கேர்ட்னர், யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றைக் கேட்டார்: இயல்பான குழந்தைக்கு இது எப்படித்தான் இருக்கும்? பிறந்த குழந்தைகள் 100 பேரையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் 200 பேரையும் பார்த்துக் குறித்து, 1949 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். மேலே சொன்ன நூறுக்கு நான்கு என்ற கணக்கு அவருடையது. மூன்று வயதுக்குள் பத்தில் ஒன்பது பேருக்குத் தோல் தானாகவே பின்னால் போகத் தொடங்கிவிடும் என்றும் அவர் எழுதினார். அதே கட்டுரையில் வேறொரு கணக்கும் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த அறுவைச் சிகிச்சையால் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினாறு சிறு குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். தானாகச் சரியாகக்கூடிய ஒன்றுக்கு அத்தனை உயிர்! அந்தக் கட்டுரைக்குப் பிறகு அந்நாட்டில் இந்த வழக்கம் வேகமாகக் குறைந்தது.

கேர்ட்னர் போட்ட கால அட்டவணை கொஞ்சம் அவசரமானது என்று பின்னால் தெரிந்தது. டென்மார்க்கில் யாகோப் ஊஸ்டர் என்ற மருத்துவர் 6 முதல் 17 வயது வரையிலான பள்ளிச் சிறுவர்கள் ஏறத்தாழ 2,000 பேரை ஆண்டுதோறும் பார்த்துக் குறித்துவந்தார். ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்லாமல், அதே பையன் வளர வளர என்ன ஆகிறது என்று பொறுமையாகக் காத்திருந்ததுதான் இந்த ஆய்வின் பலம். 1968இல் வெளியான முடிவு இது: 6, 7 வயதில் நூற்றில் 63 பேருக்கு ஒட்டல் மிச்சம் இருந்தது, 16, 17 வயதில் மூன்று பேருக்குத்தான். தோல் இறுக்கம் நூற்றில் எட்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. 1996இல் ஜப்பானில் 603 சிறுவர்களைப் பார்த்தபோதும் கதை மாறவில்லை. 11 முதல் 15 வயதில்கூட நூற்றில் 63 பேருக்குத்தான் தோல் முழுக்கப் பின்னால் போனது. இவர்கள் நோயாளிகள் அல்ல; சாதாரணமாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகள். ஆறு வயதுப் பையனுக்குத் தோல் போகவில்லை என்று பள்ளிக்கூட விடுமுறையில் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கேட்கும் பெற்றோர் இந்த எண்களைப் பார்த்தாலே பாதி கவலை தீரும்.

இனி, தள்ளினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். இன்னும் பிரியாத படலத்தை வலிந்து இழுத்தால் அது கிழிகிறது. ஒரு சொட்டு ரத்தம் வரும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. குழந்தை வீறிட்டு அழும். குளிக்க அழுகிறது என்று நினைத்துவிடுவார்கள். கிழிந்த இரண்டு பச்சைப் பரப்புகளும் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து ஆறும். இந்த முறை அது பழைய மெல்லிய ஒட்டலாக இருக்காது, தழும்பாக இருக்கும். நுனி வாய் கிழிந்து ஆறினால் அங்கே வெள்ளையாக ஒரு கெட்டி வளையம் விழும். தழும்புக்கு இழுபடும் தன்மை கிடையாது. அது வயதானாலும் விரியாது. ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று தினமும் தள்ளியதே, பின்னாளில் வெட்ட வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. மருத்துவர்களும் இதில் விலக்கல்ல. ஊசி போட வந்த பிள்ளையின் தோலை ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டி, "இப்படித் தினம் செய்யுங்க" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த அறிவுரையைக் கேட்க வேண்டியதில்லை.

அப்படியானால் சுத்தம்? தோல் தானாகப் பின்னால் போகாதவரை, வெளிப்புறத்தை மட்டும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே கழுவ அங்கே இடமே இல்லை. சோப்பை உள்ளே விடுவது, டெட்டால் கலந்த தண்ணீர் ஊற்றுவது, பஞ்சு சுற்றிய குச்சியால் துடைப்பது எல்லாமே அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கும். எண்ணெய் உடம்புக்கு நல்லது, இங்கே வேண்டாம். வளர்ந்த பிள்ளைக்குத் தோல் தானாக விட்ட பிறகு, குளிக்கும்போது அவனே வலிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளி, வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, தோலை மறுபடி முன்னால் கொண்டுவந்து விட வேண்டும். தோல் விட்டிருந்தால் ஐந்தாறு வயதில் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். தன் உடம்பைத் தானே கழுவிக்கொள்ளப் பழகுகிறவன், அங்கே வேறு யாரும் தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான்.

முன்னால் கொண்டுவந்து விட வேண்டும் என்றேனே, அது சும்மா சொன்னதில்லை. பின்னால் தள்ளிய தோலை அப்படியே விட்டுவிட்டால், குறுகலான வாய் மொட்டுக்குப் பின்னால் வளையமாக இறுகிக்கொள்ளும். ரத்தம் உள்ளே போகும், திரும்பி வர முடியாது. மொட்டு வீங்கும், வீங்க வீங்க வளையம் இன்னும் இறுகும். இதற்குப் பாராபைமோசிஸ் என்று பெயர். சில மணி நேரத்தில் மொட்டுக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகக்கூடும். முன்தோல் சம்பந்தப்பட்ட தொல்லைகளில் நள்ளிரவானாலும் வண்டி பிடித்து ஓட வேண்டியவற்றில் இது முக்கியமானது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சற்று நேரம் ஒற்றிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்கள். வெள்ளிமலையிலிருந்தும் சேராப்பட்டிலிருந்தும் மலை இறங்கி வரவே நேரம் பிடிக்கும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் மருத்துவர் கையாலேயே வீக்கத்தை அழுத்திக் குறைத்துத் தோலை முன்னால் கொண்டுவந்துவிடுவார்.

மூத்திரம் போகும்போது நுனி உப்புகிறது என்பது பெற்றோர் கொண்டுவரும் இன்னொரு பயம். உள்ளே வரும் வேகத்துக்கு வாய் ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். உப்பி, பிறகு நல்ல தாரையாகப் போய், பிள்ளை வலி என்று சொல்லாமல் விளையாடப் போய்விட்டால் விட்டுவிடலாம். ஒட்டல் விடும் கட்டத்தில் இது வரும், போகும். சொட்டுச் சொட்டாகப் போனாலோ, முக்கிக்கொண்டு போனாலோ, ஒவ்வொரு தடவையும் அழுதாலோ காட்ட வேண்டும். நுனித் தோல் சிவந்து வீங்கிச் சீழ் வடிந்தால் அது தொற்று. அதற்கு மருந்து உண்டு. வெள்ளையாகக் கெட்டித்துப் போன வளையம் தெரிந்தால் அதையும் காட்ட வேண்டும். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வருகிறது. பெரியவர்களில், நாற்பது ஐம்பது வயதில் புதிதாகத் தோல் இறுகத் தொடங்கினால், சர்க்கரை நோயின் முதல் அடையாளமாகவே அது இருக்கலாம்.

இறுக்கத்துக்குச் சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளுக்கும் கத்தி முதல் வழி அல்ல. ஸ்டீராய்டு களிம்பை நுனி வளையத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசி, சில வாரங்கள் தொடர்ந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தோல் தளர்ந்துவிடுகிறது. 1,395 சிறுவர்களைக் கொண்ட 12 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2014இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, வெறும் களிம்பு பூசியவர்களைவிட மருந்துக் களிம்பு பூசியவர்களுக்கே நல்ல பலன் கிடைத்தது என்று காட்டியது. யாருக்கு எது பூசப்படுகிறது என்பதைச் சீட்டுக் குலுக்கல் முறையில் தீர்மானித்த ஆய்வுகள் இவை. தானாகச் சரியானதை மருந்தின் கணக்கில் எழுதிவிடாமல் இருக்க அதுதான் வழி. ஒரு வேண்டுகோள்: மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நீங்களே பூச வேண்டாம். எந்தக் களிம்பு, எத்தனை நாள், எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

முன்தோலை எடுத்துவிட்டால் மூத்திரத் தொற்று வராதாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மை. முன்தோல் உள்ள ஆண் குழந்தைகளில் நூற்றில் ஒருவருக்கு இந்தத் தொற்று வருகிறது; எடுத்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு. பத்து மடங்கு என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். திருப்பிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தொற்றைத் தடுக்க 111 ஆரோக்கியமான குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சில நாள் மருந்தில் தீரும் ஒன்றுக்கு இது தேவையில்லை. ஆனால் சிறுநீர்ப் பையிலிருந்து சிறுநீரகத்துக்கே மூத்திரம் கடுமையாகத் திரும்பி ஏறும் குறையுள்ள குழந்தைகளுக்கு, நான்கு பேருக்குச் செய்தாலே ஒரு தொற்று தடுக்கப்படுகிறது. ஒவ்வொரு தொற்றும் சிறுநீரகத்தில் தழும்பு விடக்கூடிய நிலையில் அந்தப் பிள்ளைக்குச் செய்வது நியாயம். ஒரே அறுவைச் சிகிச்சை ஒரு பிள்ளைக்கு வேண்டாததாகவும் இன்னொரு பிள்ளைக்குச் சிறுநீரகத்தைக் காப்பதாகவும் இருக்கிறது. காரணம் தெரியாமல் காய்ச்சல் அடிக்கும் கைக்குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மூத்திரப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்பது நல்லது.

சுன்னத் செய்வது இஸ்லாமியக் குடும்பங்களில் மார்க்கக் கடமை. அதற்கு மருத்துவக் காரணம் தேட வேண்டியதில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும். ஒன்று, மூத்திரத் துளை நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக இருக்கிறதா என்பது. ஹைபோஸ்பேடியாஸ் எனப்படும் இந்தப் பிறவிக் குறையில் முன்தோலும் மேல்பக்கம் மட்டுமே வளர்ந்து குல்லாய் போட்டதுபோல் நிற்கும். அந்தத் தோலைக் கொண்டுதான் அறுவை மருத்துவர் துளையைச் சரிசெய்வார். வெட்டி எறிந்துவிட்டால் தையலுக்குத் துணி இல்லாமல் போகும். இன்னொன்று, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா என்பது. ஹீமோஃபிலியா என்னும் அந்த நோயைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று யூதர்களின் தால்முத் நூலில் இருக்கிறது: இரண்டு பிள்ளைகள் இந்தச் சடங்கில் இறந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்று அதில் விலக்கு அளித்தார்கள். ஜீன் என்ற சொல்லே இல்லாத காலத்தில், தாய்வழியில் வரும் ஒரு நோயைக் கண்ணால் பார்த்தே கண்டுகொண்டிருக்கிறார்கள். சுன்னத்தை மருத்துவமனையில், மரத்துப்போகும் மருந்து கொடுத்து, பயிற்சி பெற்ற மருத்துவர் கையால் செய்துகொள்வதே பிள்ளைக்குப் பாதுகாப்பு.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும் என்பது 2013இல் தொடங்கிய ஏற்பாடு. அப்போது இந்தச் சந்தேகங்களையும் தயங்காமல் கேளுங்கள். சிறு பிள்ளைகளையாவது அம்மா தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். உண்மையில் கவனிப்பார் இல்லாமல் விடப்படுவது பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள்தான். தோல் பின்னால் போகவில்லை, வலிக்கிறது என்பதை அவன் அம்மாவிடம் சொல்ல மாட்டான். அப்பாவிடம் சொல்லப் பயம். கூட்டாளிகளிடம் கேட்டு, செல்போனில் பார்த்து, தனக்கு ஏதோ பெரிய குறை என்று முடிவு செய்துகொண்டு உள்ளுக்குள் ஒடுங்கிவிடுகிறான். வாழ்க்கை முழுக்க அப்படியே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. பெரிய வயதிலும் தீராத இறுக்கமும், அதனால் உள்ளே கழுவ முடியாமல் போவதும் ஆணுறுப்புப் புற்றுநோய்க்கான காரணங்களில் சேரும்.

அப்பாக்களே, பையனுக்கு மீசை அரும்பும் வயதில் ஒருநாள் தனியாக உட்கார்த்தி வைத்து, "ஒண்ணுக்குப் போறதுல, கழுவுறதுல ஏதாவது தொந்தரவு இருக்காப்பா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் சின்னசேலம் அரசு மருத்துவமனையில் காட்டலாம். அங்கே முடியாததற்குச் சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அறுவைச் சிகிச்சைப் புறநோயாளி பிரிவில் இதையும் பார்ப்பார்கள்.